பாதுகாப்பு உத்தரவு இருந்தும் பையனைப் பள்ளியிலிருந்து அழைத்துப் போகிறார், என்ன செய்வது?

கயல்: கணவரைப் பிரிந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டு, இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியாயிற்று. ஆனாலும் போன வாரம் அவர் பள்ளிக்குப் போய், கேட் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானமே பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ராத்திரிதான் கொண்டுவந்து விட்டார். அவனுக்கு நான்கு வயது. காவல் நிலையத்தில், "அப்பாதானேம்மா கூட்டிட்டுப் போனார்" என்கிறார்கள்.

மாலதி: தங்கச்சி, உத்தரவுதான் இருக்கே, இனி அவர் கண்ணிலேயே பிள்ளையைக் காட்டாதே.

மதுரை வழக்கறிஞர்: அவசரப்பட வேண்டாம். முதலில் உத்தரவை வரி வரியாகப் படியுங்கள். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு உத்தரவு உங்களுக்கான பாதுகாப்பு. பிள்ளை யாரிடம் இருப்பது என்பது 21-ஆம் பிரிவு. அதைத் தனியாகக் கேட்டால்தான் கிடைக்கும்.

கயல்: படித்தேன் மேடம். என்னையும் அம்மாவையும் தொந்தரவு செய்யக் கூடாது, வீட்டுக்கு வரக் கூடாது என்று இருக்கிறது. பையனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. புதிதாக வழக்கு போட வேண்டுமா?

மதுரை வழக்கறிஞர்: தேவையில்லை. விசாரணையின் எந்தக் கட்டத்திலும் கேட்கலாம். உத்தரவு போட்ட அதே நடுவரிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) 21, 23 பிரிவுகளில் இடைக்கால மனு போட்டு, பையனின் தற்காலிகப் பொறுப்பைக் கேளுங்கள். அந்தக் கேட் நோட்டுப் பக்கத்தின் நகலை இன்றே பள்ளியில் கேட்டு வாங்கி மனுவோடு சேருங்கள். நீங்கள் இந்து என்றால், 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்றிருப்பது பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான். அதனால் 'பள்ளிக்கு வந்து பையனை அழைத்துப் போகக் கூடாது' என்பதைப் பாதுகாப்பு உத்தரவின் நிபந்தனையாகவும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம் போலீஸ் தட்டிக்கழிப்பது கஷ்டம். உத்தரவு கிடைத்ததும் அதன் சான்றிட்ட நகலைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

மாலதி அக்கா சொன்னதைச் செய்ய வேண்டாம். நீங்களாகத் தடுத்தால் அதையே உங்களுக்கு எதிராகப் பேசுவார்கள். அவர் பார்ப்பது பிள்ளைக்குக் கெடுதல் என்றால் காரணத்தோடு சொல்லுங்கள். 21-ஆம் பிரிவிலேயே நடுவர் சந்திப்பை மறுக்கலாம். இல்லையென்றால், எங்கே, எப்போது பார்ப்பது என்று நீதிமன்றமே நிர்ணயிக்கட்டும்.

கயல்: குடும்ப நீதிமன்றத்தில் கேஸ் போட்டுப் பையனை வாங்கிவிடுவேன் என்று மிரட்டுகிறார். அப்போது இந்த உத்தரவு செல்லாதா?

மதுரை வழக்கறிஞர்: அவர் கேஸ் போட்டதாலேயே உங்கள் பாதுகாப்பு உத்தரவு போய்விடாது. ஆனால் 21-இல் கிடைப்பது தற்காலிகம்தான். நிரந்தரப் பொறுப்பைக் குடும்ப நீதிமன்றம் 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டப்படி, பிள்ளையின் நலனைப் பார்த்து முடிவு செய்யும். பையன் கண்முன்னே அடி விழுந்திருந்தால் அங்கே கட்டாயம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, உத்தரவு நகல் எல்லாவற்றையும் தாக்கல் செய்யுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள், எண் 15100.