பெம்ப்ரோக் கோட்டையிலிருந்து பாப்பா அனுப்பிய படம்

பாப்பா: 📷 படம்

பாப்பா: பெம்ப்ரோக் கோட்டைக்கு வந்திருக்கிறேன், வேல்ஸின் தென்மேற்கு மூலை. படத்தில் இருப்பது ஏழாம் ஹென்றி கோபுரம். 1457 ஜனவரி 28 அன்று அவர் பிறந்தது இந்தக் கோட்டையில்தான்.

அண்ணன்: ட்யூடர் வம்சத்தின் முதல் ராஜாதானே? எட்டாம் ஹென்றியின் அப்பா.

பாப்பா: ஆமாம் அண்ணா. ஆனால் எனக்கு இங்கே வந்ததிலிருந்து அவருடைய அம்மா நினைப்புதான். மார்கரெட் போஃபர்ட். மகன் பிறந்தபோது அவளுக்கு 13 வயது.

பெரியம்மா: 13 வயதா?

பாப்பா: அது அவளுக்கு முதல் கல்யாணம்கூட இல்லை பெரியம்மா. அவளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் அப்பா இறந்துவிட்டார், சாமர்செட் டியூக். பெரிய சொத்து, ஒரே வாரிசு. ராஜா ஆறாம் ஹென்றி அவளுடைய காப்பாளர் உரிமையை சஃபோக் பிரபுவுக்குக் கொடுத்தார். பிரபு தன் மகனுக்கே அவளைக் கட்டிவைத்தார். அப்போது 7 வயதுகூட ஆகவில்லை.

திருச்சி மாமா: தாயார் உயிரோடுதானே இருந்தார்? பிறகு எதற்குக் காப்பாளர்?

பாப்பா: அம்மாவிடம்தான் வளர்ந்தாள் மாமா. ஆனால் நிலம் ராஜாவிடமிருந்து பெற்ற நிலம். வாரிசு சிறுபிள்ளையாக இருந்தால் அந்த நிலமும், பிள்ளைக்குக் கல்யாணம் முடிக்கும் உரிமையும் ராஜாவுக்குப் போய்விடும். அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், விற்கலாம். 1453இல் முதல் கல்யாணத்தை ரத்து செய்து, ராஜா தன் தாய்வழித் தம்பிகளான எட்மண்ட், ஜாஸ்பர் ட்யூடரிடம் அந்த உரிமையைக் கொடுத்தார். 1455இல் எட்மண்டே அவளைக் கட்டிக்கொண்டார். அவருக்கு ஏறக்குறைய 25, அவளுக்கு 12.

பாப்பா: திருச்சபைச் சட்டப்படி பெண்ணுக்கு 12 போதும். ஆனாலும் இவ்வளவு சின்னப் பெண் என்றால் சில வருடம் பொறுப்பதுதான் அன்றைக்கும் வழக்கம். எட்மண்ட் பொறுக்கவில்லை.

திருச்சி மாமா: சொத்து விவகாரம் ஏதாவது இருக்கும், பார்.

பாப்பா: இருக்கிறது மாமா. உயிரோடு ஒரு பிள்ளை பிறந்துவிட்டால், மனைவி இறந்தாலும் அவள் நிலத்தைக் கணவன் ஆயுள் வரை அனுபவிக்கலாம் என்பது இங்கிலாந்துச் சட்டம். வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

திருச்சி மாமா: அப்படியென்றால் அந்தப் பெண் பிழைப்பாளா என்பதுகூட அவர் கணக்கில் இல்லை. படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

பாப்பா: கடைசியில் எட்மண்ட்தான் முதலில் போனார். உள்நாட்டுப் போரில் சிறைபிடிக்கப்பட்டு, 1456 நவம்பரில் கார்மார்த்தனில் கொள்ளைநோயில் இறந்தார். இவள் அப்போது 6 மாத கர்ப்பம். கொழுந்தன் ஜாஸ்பர் இந்தக் கோட்டைக்கு அழைத்துவந்து பாதுகாத்தார்.

பெரியம்மா: நான் பிரசவ வார்டில் 30 வருடம் வேலை பார்த்தவள். 13 வயதில் இடுப்பெலும்பு முழுதாக வளர்ந்திருக்காது. தலை இறங்கவே இறங்காது. இன்றைக்கென்றால் உடனே ஆபரேஷன் தியேட்டர். அன்றைக்கு அவள் என்ன செய்திருப்பாள்?

பாப்பா: உடல்வாகும் ரொம்பச் சின்னது என்று அவளுடைய பாதிரியாரான ஜான் ஃபிஷர் சொல்லியிருக்கிறார். பிழைத்ததே பெரிது. பிறகு இரண்டு முறை கல்யாணம் ஆகியும் வேறு குழந்தையே பிறக்கவில்லை.

பெரியம்மா: உள்ளே காயம் பட்டிருக்கும். நிச்சயமாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் அப்படிப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன்: அந்த ஒரே பிள்ளையாவது கூட இருந்தானா?

பாப்பா: இல்லை அண்ணா. சின்ன வயதிலேயே அவன் காப்பாளர் உரிமையை வில்லியம் ஹெர்பர்ட் என்ற பிரபு 1,000 பவுண்டு கொடுத்து வாங்கினார். 1471இல் பையன் கடல் கடந்து, இன்றைய பிரான்ஸிலுள்ள பிரிட்டனிக்குத் தப்பி ஓடினான். 14 வருடம் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அவனைத் திரும்ப வரவைக்க ரகசியமாக ஆள் அனுப்பி, பணம் திரட்டி, சதியில் மாட்டித் தன் நிலங்களையும் இழந்தாள். 1485இல் பாஸ்வொர்த் போரில் ஜெயித்து அவன் ராஜாவானான்.

அண்ணன்: அப்புறம் கேம்பிரிட்ஜில் கல்லூரி கட்டியது இந்த மார்கரெட்தானே?

பாப்பா: ஆமாம், கிறைஸ்ட்ஸ் கல்லூரி 1505இல். செயின்ட் ஜான்ஸ் அவர் இறந்த பிறகு அவர் சொத்திலிருந்து. ஆனால் பெரியம்மாவுக்கு நான் சொல்ல வந்தது வேறு.

பாப்பா: 1498இல் பேத்தியை ஸ்காட்லாந்து ராஜாவுக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது. பேத்திக்கு 8 வயது, மாப்பிள்ளைக்கு 25. அவளை இப்போதே அனுப்ப தன் மனைவியும் அம்மாவும் ஒப்பவில்லை, ஸ்காட்லாந்து ராஜா பொறுக்காமல் பிள்ளையின் உடம்பைக் கெடுத்துவிடுவார் என்று பயப்படுகிறார்கள் என்று ஏழாம் ஹென்றியே ஸ்பெயின் தூதரிடம் சொல்லியிருக்கிறார்.

பெரியம்மா: 40 வருடம் கழித்து.

பெரியம்மா: மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். பேத்திக்கு என்ன ஆயிற்று?

பாப்பா: 1503 வரை அனுப்பவில்லை. அப்போதும் 13 வயதுதான் பெரியம்மா. ஆனால் முதல் குழந்தை 17 வயதில்தான்.

பெரியம்மா: அந்த 4 வருடம் சின்ன விஷயமில்லை ம்மா. வார்டில் நாங்கள் அந்த 4 வருடத்துக்காகத்தான் தாய்மார்களிடம் அவ்வளவு கெஞ்சுவோம்.

திருச்சி மாமா: மார்கரெட் எப்போது இறந்தார்?

பாப்பா: 1509 ஜூன் 29. மகன் ஏப்ரலில் போய்விட்டார். பேரன் முடிசூடிய 5ஆம் நாள் இவரும். கல்லறை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில். டோரிஜியானோ என்ற இத்தாலியச் சிற்பி செய்த வெண்கலச் சிலை இருக்கிறது. வயதான முகம், கும்பிட்ட கை. அந்தக் கையில் சுருக்கம்கூடத் தெரியும்.

பெரியம்மா: லண்டன் போகும்போது போய்ப் பார். பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு, எத்தனை மணியானாலும்.

பாப்பா: சரி பெரியம்மா. அடுத்த மாதமே போகிறேன்.