ரெண்டாவது பிடி அரிசி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இன்சூரன்ஸ் போட்டா அது அவிசுவாசமான்னு கேக்குறவங்களுக்காக எங்க வீட்ல நடந்ததை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க.

எங்களுக்கு சென்னை காசிமேடு. நைனா, அதாவது எங்க அப்பா, மீன்பிடி லாஞ்ச் (மோட்டார் படகு) டிரைவர், கடலுக்குப் போனா ஏழெட்டு நாள் கழிச்சுதான் கரையப் பாப்பாரு. ரட்சிக்கப்பட்டதுக்கு அப்புறம் குடிய விட்டாரு, சீட்டாட்டத்த விட்டாரு, அவ்ளோ நல்ல மனுஷன். ஆனா எல்ஐசி பாக்குற அண்ணன் ஒருத்தர் ராயபுரத்துலருந்து மூணு வாட்டி வந்தாரு, மூணு வாட்டியும் நைனா பைபிள்ல மத்தேயு 6-ஐ, கவலைப்படாதீங்கன்னு இயேசு சொன்ன அதிகாரத்த, தொறந்து வெச்சு "ஆகாயத்துப் பறவைங்க எந்த பாலிசிண்ணே போட்டுச்சு"ன்னு கேட்டு டீ குடுத்து அனுப்பிட்டாரு. அப்போ எங்க சபைலயும் அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க, இன்சூரன்ஸ் போடுறது சாவை நாமளே வா வான்னு கூப்பிடுறதுன்னு.

அம்மாவுக்கு தூத்துக்குடி பக்கம். உலை வெக்கும்போது அளந்த அரிசில ஒரு பிடி எடுத்து காணிக்கை டப்பால போடுவாங்க, ஞாயித்துக்கிழமை அத துணிப்பைல கட்டி எடுத்துட்டுப் போவாங்க, அது அவங்க அம்மா காலத்துப் பழக்கம். மீன்பிடி தடைக்காலம் அப்போ 45 நாள் (2017-லருந்துதான் 61 நாள் ஆச்சு, ஏப்ரல் 15 டு ஜூன் 14). லாஞ்ச் கரையில நின்னா வீட்ல காசு கிடையாது, தண்டல் (வட்டிக் கடன்) வாங்கித்தான் ஓட்டுவோம், அந்த தண்டலை கட்டி முடிக்கறதுக்குள்ள அடுத்த தடை வந்து நிக்கும். ஒரு வருஷம் அம்மா ரெண்டாவதா ஒரு பிடி எடுத்து பழைய பிஸ்கட் டப்பால போட ஆரம்பிச்சாங்க. நைனா பாத்துட்டு "இது யாருக்கு, கர்த்தர் பாத்துப்பாருன்னு நம்பிக்கை இல்லையா உனக்கு"ன்னு கேட்டாரு. அம்மா கை அரிசியோட அப்படியே நின்னு சொன்னாங்க, "எகிப்துல பஞ்சம் வரும்னு கர்த்தர்தான் முன்கூட்டியே சொன்னாரு. சொல்லிட்டு வானத்துலருந்து மன்னா அப்பமா பொழிஞ்சாரு? அஞ்சுல ஒரு பங்க எடுத்து வெக்கச் சொல்லி யோசேப்புக்கு புத்தி குடுத்தாரு." நைனா ஒண்ணும் பேசல. பாலிசியும் போடல.

2012-ல நைனா போய்ட்டாரு, நெஞ்சு வலி, 46 வயசு. மூணு நாள் அக்கம்பக்கத்துல சோறு வந்துச்சு. நாலாவது நாள் காலைல அம்மா அந்த பிஸ்கட் டப்பாவ எறக்குனாங்க, அரிசில வண்டு வந்திருந்துச்சு, வாசப்படில உக்காந்து முறத்துல கொட்டி பொடைச்சு பொறுக்கி உலை வெச்சாங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தேன், அந்த முறம் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. அன்னிக்கு சாயந்தரமே தண்டல்காரர் வந்துட்டாரு. போஸ்ட் ஆபீஸ் புக்குல கொஞ்சம் பணம் இருந்துச்சு, ஆனா நாமினி, அதாவது அவருக்கு அப்புறம் பணம் யார் கைக்குப் போகணும்னு எழுதற எடம் காலி, வாரிசு சர்டிபிகேட்டுக்கு அலைஞ்சு அது கைக்கு வர மாசக் கணக்காச்சு.

அந்த நேரத்துல 2 இராஜாக்கள் 4 படிச்சேன். கடன் குடுத்தவன் ஒரு விதவையோட ரெண்டு பசங்கள அடிமையா கூட்டிட்டுப் போக வந்து நிக்கிறான். செத்துப்போன புருஷன் கர்த்தருக்குப் பயந்தவருன்னு அந்தம்மாவே எலிசா தீர்க்கதரிசிகிட்ட சொல்லுறாங்க. பக்தி இருந்துச்சு, கடனும் இருந்துச்சு, என் நைனா மாதிரியே. எலிசா கேட்டது வீட்ல இன்னா இருக்குன்னுதான், ஒரு குடம் எண்ணெய் இருந்துச்சு, எண்ணெய் பெருகுன அற்புதம் அதுலருந்துதான் ஆரம்பிச்சுது. என் நைனாவ நான் குத்தம் சொல்லல, கவலைப்படாதேன்னு சொன்ன வசனத்த அவரு ஏற்பாடு பண்ணாதேன்னு புரிஞ்சுக்கிட்டாரு, அவ்ளோதான். எனக்கு கல்யாணம் ஆன மாசமே டெர்ம் பாலிசி (நாம செத்தா வீட்டுக்குப் பணம் வர்ற பாலிசி) போட்டேன், எல்லா புக்குலயும் என் வீட்டுக்காரம்மா பேர நாமினியா எழுதிட்டேன், எழுதி முடிச்சு ஜெபமும் பண்ணேன்.

———

அண்ணே படிச்சு அழுதுட்டேன். நாங்க பெரம்பூர், லூர்து மாதா கோயில் பக்கம். அப்பா ஐசிஎஃப் (ரயில் பெட்டி ஃபேக்டரி), அவரு போனப்புறம் பென்ஷன் அம்மாவுக்கு வந்துச்சு அதுல குறையில்ல, ஆனா அப்பா உயில் எழுதல. வீடு முழுசும் அம்மாவுக்குன்னுதான் நெனச்சோம். வக்கீல்கிட்ட போனாதான் தெரியுது, நம்ம கிறிஸ்தவங்களுக்கு 1925 வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லன்னா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்கு. அதவிட வலிச்சது, அப்பாவோட அம்மா எங்ககூடத்தான் இருந்தாங்க, பிள்ளைங்க இருக்கறதால பாட்டிக்கு சட்டப்படி ஒண்ணுமே கிடையாது. சிலுவைல தொங்கும்போதும் ஆண்டவர் தன் தாய சீஷன்கிட்ட ஒப்படைச்சுட்டுதானே போனாரு. உயில் எழுதுங்க, ரெண்டு சாட்சி வேணும், ஆனா சொத்து யாருக்கு எழுதுறீங்களோ அவங்களையோ அவங்க வீட்டுக்காரரையோ சாட்சி கையெழுத்து போட விடாதீங்க, அவங்களுக்கு எழுதுனது செல்லாம போய்டும்.

———

எண்ணூர்லருந்து. காண்ட்ராக்ட் வேலை, பெரிய பாலிசிக்கு வழியில்ல. பேங்க்ல பிரதமர் ஜீவன் ஜோதி ஆயுள் இன்சூரன்ஸ் போட்டிருக்கேன், வருஷத்துக்கு 436 ரூபா அக்கவுண்ட்லருந்தே எடுத்துக்குறாங்க, நம்ம உயிருக்கு ஏதாச்சும் ஆனா வீட்டுக்கு 2 லட்சம், 50 வயசு வரைக்கும் சேரலாம். கையில கம்மியா இருக்கறவங்க இதையாவது போடுங்க. அண்ணே, அம்மா எப்படி இருக்காங்க, இன்னும் அரிசி எடுத்து வெக்கிறாங்களா?

———

நல்லா இருக்காங்க தம்பி. மொதல் பிடி காணிக்கைக்கு, ரெண்டாவது பிடி எவர்சில்வர் டப்பாவுக்கு. வண்டு வராம இருக்க நாலு காஞ்ச மொளகாய உள்ள போட்டு வெக்கிறாங்க.