ஃபோஸ்மிட் பேக்கேஜிங்: லாம்டா கட்டுப்பாட்டுக்குக் கோடி, சேற்று டிஎன்ஏவுக்கு ஆயிரம்கூட இல்லை

தேக்கா_நுண்ணுயிர்:
வணக்கம். அனுமதி பெற்று சுங்கை பூலோ சதுப்புநிலச் சேற்றிலிருந்து எடுத்த டிஎன்ஏவை 8 கிலோபேஸ் (8,000 எழுத்து இணை) ஃபோஸ்மிட் வெக்டரில், அதாவது நீளத் துண்டுகளை ஈ.கோலைக்குள் சுமக்கும் டிஎன்ஏவில், ஒட்டி, லாம்டா பேக்கேஜிங் சாற்றில் விட்டோம் (லாம்டா என்ற பாக்டீரியா வைரஸின், அதாவது ஃபேஜின், தலைக்கூட்டுக்குள் டிஎன்ஏவை அடைக்கும் புரதக் கலவை). அதே சாற்றில் ஒப்பிடுவதற்கான கட்டுப்பாட்டு லாம்டா டிஎன்ஏ கோடிக்கு மேல் ஃபேஜ்கள் தருகிறது. நம்முடையதில் சில நூறு காலனிதான். துண்டுகளை 1 சதவீத அகரோஸில் 23 கிலோபேஸ் மார்க்கருக்குச் சற்று மேலே வெட்டி எடுத்தோம். தலை நிரம்பியதும் டிஎன்ஏவை வெட்டிவிடும் என்கிறார்களே, அப்படியானால் நீளம் ஏன் பிரச்சினை?

ஜூரோங்_ஃபேஜ்:
நிரம்பியதும் வெட்டுவது டி4, பி22 ஃபேஜ்களின் வழக்கம். லாம்டாவுக்கு இரண்டு நிபந்தனைகள்: தலை போதுமான அளவு நிரம்பியிருக்க வேண்டும், அடுத்த காஸ் இடமும் (எங்கே வெட்டுவது என்று காட்டும் டிஎன்ஏ வரிசை) வந்து சேர வேண்டும்.

நடப்பது இதுதான். டிஎன்ஏவை வெட்டி இழுக்கும் டெர்மினேஸ் நொதியின் சிறிய துணைப்புரதம் காஸ் பகுதியைப் பிடிக்கிறது. பெரியது இரு இழைகளையும் 12 எழுத்து தள்ளித் தள்ளி வெட்டுகிறது. அந்த நுனியோடு போய், காலியான முன்தலையின் ஒரு மூலையில் இருக்கும் 12 துண்டு வளையத்தில், அதாவது போர்ட்டலில், உட்காருகிறது. பிறகு ஏடிபியைச் செலவழித்து டிஎன்ஏவை உள்ளே இழுக்கிறது. தொடக்கத்தில் நொடிக்குச் சுமார் 600 இணை வேகம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனதும் ஓடு விரிகிறது, டி புரதம் வந்து வெளியே ஒட்டி அதை இறுக்கிப் பிடிக்கிறது. 48,502 இணை, நீட்டினால் 16 மைக்ரோமீட்டர். அத்தனையும் 60 நானோமீட்டர் கூட்டுக்குள்! பை29 ஃபேஜின் மோட்டாரை லேசர் இடுக்கியில் பிடித்து 2001இல் அளந்தபோது 57 பிக்கோநியூட்டன் வரை இழுத்தது. மூலக்கூறு மோட்டார்களில் அது பெரிய பலம்.

லாம்டா ஏற்கும் வரம்பு அதன் மரபணுத்தொகுதியில் 78 முதல் 105 சதவீதம், அதாவது சுமார் 38 முதல் 51 கிலோபேஸ். அதற்குக் குறைந்தால் இரண்டாவது காஸ் சரியாக வெட்டுப்படாது. கூடினால், காஸ் வாசலுக்கு வருமுன்னே தலையில் இடம் தீர்ந்துவிடும். உங்கள் துண்டு 25, வெக்டர் 8, மொத்தம் 33. கணக்கு அங்கேயே இடிக்கிறது.

ஈசூன்_வளர்:
மார்க்கர்மீதும் எனக்குச் சந்தேகம். சாதாரண ஜெல்லில் 20 கிலோபேஸுக்கு மேற்பட்டவை எல்லாம் ஒரே பட்டையாக நெருங்கி நிற்கும். 25ஐயும் 40ஐயும் பிரித்துப் பார்க்க முடியாது. மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி நீளத் துண்டுகளைப் பிரிக்கும் பல்ஸ்டு ஃபீல்டு ஜெல் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் குறைந்த வோல்ட்டில் இரவு முழுக்க, பக்கத்தில் 36 கிலோபேஸ் கட்டுப்பாட்டுத் துண்டோடு ஓட்டுங்கள். சாயமிட்டு புறஊதா காட்ட வேண்டியது ஓரத்துப் பாதைகளை மட்டும். அவற்றை அளவாக வைத்து, வெளிச்சம் படாத நடுப்பகுதியை வெட்டுங்கள். புறஊதாவில் காய்ந்த டிஎன்ஏ உருப்படாது.

அப்புறம், ஒட்டியது விரைவு லைகேஸ் (டிஎன்ஏவை ஒட்டும் நொதி) கலவையிலா? அதிலுள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் பேக்கேஜிங்கைக் கெடுக்கும். சேற்று டிஎன்ஏ பழுப்பாக இருந்தால் மண்ணில் மட்கிய பொருளான ஹியூமிக் அமிலம் போகவில்லை என்று அர்த்தம். லைகேஸ் அங்கேயே நின்றுவிடும்.

தேக்கா_நுண்ணுயிர்:
விரைவு கலவைதான். நிறமும் லேசான தேநீர் போல இருந்தது.

ஈசூன்_வளர்:
அப்படியானால் சுத்திகரிப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். 40 கிலோபேஸ் துண்டு 0.25 மைக்ரோகிராமுக்கு வெக்டர் 0.5 மைக்ரோகிராம், அதாவது மோல் (மூலக்கூறு எண்ணிக்கை) கணக்கில் வெக்டர் பத்துக்குத் துண்டு ஒன்று. வெக்டர் அதிகமாக இருந்தால்தான் ஒவ்வொரு துண்டின் இரு பக்கமும் காஸ் அமையும். வட்டமாக மூடிக்கொண்ட ஒற்றை மூலக்கூறில் ஒரே காஸ்தான், அது தலைக்குள் ஏறுவது அரிது. 20 கிலோபேஸ் துண்டுகளை உள்ளே விடவே கூடாது. இரண்டு ஒட்டினால் 40 ஆகித் தலைக்குப் பொருந்திவிடும், ஆனால் அப்படியொரு வரிசை சேற்றில் எந்த உயிரிடமும் இருந்திருக்காது.

ஈ.கோலையை 0.2 சதவீத மால்டோஸ், 10 மில்லிமோலார் மெக்னீசியம் சல்ஃபேட்டோடு வளர்த்தீர்களா? மால்டோஸ் இல்லாவிட்டால் ஃபேஜ் பிடித்துக்கொள்ளும் ஏற்பி செல்லின் மேல் குறைவாகத்தான் இருக்கும்.

ஜூரோங்_ஃபேஜ்:
இன்னொன்று. பேக்கேஜ் ஆன துகள்களை டிரிஸ்-ஈடிடிஏ கரைசலில் நீர்க்க வைக்காதீர்கள். ஈடிடிஏ மெக்னீசியத்தைப் பறித்ததும் டிஎன்ஏவின் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளி, நிறைந்த தலைகள் முதலில் வெடிக்கும். குட்டை டிஎன்ஏ உள்ளவை பிழைக்கும். டிஎன்ஏவில் ஒரு பகுதி நீங்கிய லாம்டா திரிபுகளைத் தேர்ந்தெடுக்க அந்தக் காலத்தில் இதையே உத்தியாக வைத்திருந்தார்கள். உங்கள் தொகுப்பில் நீளத் துண்டுகள் மட்டும் காணாமல் போகும். 8 மில்லிமோலார் மெக்னீசியம் உள்ள எஸ்எம் கரைசலில் 4 டிகிரியில் வையுங்கள்.