நண்பர் தன் கேமின் முதல் ப்ரோட்டோடைப்பை அனுப்பியிருக்கிறார், கருத்தை எப்படிச் சொல்வது?

மொட்டைமாடி:
என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ராத்திரி நேரங்களில் கோடோ என்ஜினில் (கேம் செய்வதற்கான மென்பொருள்) ஒரு 2டி பிளாட்ஃபார்மர், அதாவது தாவித் தாவிப் போகிற வகை கேம், செய்துகொண்டிருக்கிறார். தபால்காரர் ஒருவர் கூரை கூரையாகத் தாவிப் போய்க் கடிதம் கொடுக்கிற கேம். இன்னும் படம் எதுவும் வரையவில்லை, எல்லாமே சாம்பல் நிறக் கட்டங்கள், தபால்காரரே ஒரு நீலச் சதுரம்தான். மூன்று லெவல் முடித்து ஜிப் ஃபைலாக அனுப்பி, "ஒளிக்காமல் சொல்லு" என்று கேட்டிருக்கிறார்.

விளையாடிப் பார்த்தேன். தாவுவது கைக்குப் பிடிபடவில்லை. கூரை விளிம்பு வரை ஓடிப்போய் பட்டனை அழுத்தினால் பல நேரம் தாவாமல் அப்படியே கீழே விழுகிறது. மூன்றாவது லெவலில் எங்கே போக வேண்டும் என்றே தெரியாமல் நின்றுவிட்டேன். கயிற்றில் ஊஞ்சலாடி எதிர் மாடிக்குப் போகிற இடம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் முடித்த பிறகும் திரும்பப் போய் ஆடிக்கொண்டிருந்தேன். இசை இல்லை, சத்தமும் இல்லை.

"நல்லா இருக்கு, ஆனா கண்ட்ரோல் கொஞ்சம் சரியில்லை" என்று டைப் செய்து வைத்திருக்கிறேன், அனுப்ப மனம் வரவில்லை. இதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? எனக்கு கோடிங் தெரியாது, விளையாட மட்டும்தான் தெரியும். முன்பு அவர் ஆரம்பித்த ஒரு கேமை யாரோ "இது ஏற்கெனவே வந்த கேம் மாதிரியே இருக்கே" என்று சொன்னதும் அப்படியே மூடி வைத்துவிட்டார், அந்தப் பயமும் இருக்கிறது. எதைச் சொல்வது, எதை விடுவது?

சாம்பல்கட்டம்:
படம், இசை, மெனு இதையெல்லாம் இப்போதைக்குத் தொடவே தொடாதீர்கள். சதுரத்தோடும் கட்டத்தோடும் அனுப்புகிறார் என்றால் தாவுவதும் ஏறுவதும் ஆடுவதற்கு நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். "உனக்கே இதில் எது சந்தேகமா இருக்கு?" என்று முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

"கண்ட்ரோல் சரியில்லை" என்பது தீர்ப்பு. அவருக்கு வேண்டியது என்ன நடந்தது என்கிற விவரம். எந்த லெவல், எந்தக் கூரை, நீங்கள் என்ன செய்ய நினைத்தீர்கள், எதை அழுத்தினீர்கள், ஆள் என்ன செய்தது. "இரண்டாவது லெவலில் ஏணி தாண்டி வரும் நீளமான கூரையில் ஓடிவந்து விளிம்பில் அழுத்தினேன், தாவாமல் விழுந்தது, நான் சரியான நேரத்தில் அழுத்தியதாகத்தான் நினைத்தேன்" என்று எழுதினால் அவர் அந்த இடத்தைத் திறந்து தானே செய்து பார்க்க முடியும்.

2007-ல் வந்த போர்ட்டல் கேமில் இதயம் வரைந்த பெட்டி ஒன்று வருமே, அது பிறந்ததே இப்படித்தான். ஒரு லெவலில் கடைசி வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும், சோதித்துப் பார்க்க வந்தவர்கள் அதை வழியிலேயே மறந்து விட்டுவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துத்தான் கேமைச் செய்த வால்வ் நிறுவனத்து ஆட்கள் பெட்டியில் இதயத்தைப் போட்டு, அதன் மேல் பாசம் வருகிற மாதிரி வசனமும் எழுதினார்கள். விளையாடியவர்களிடமிருந்து கிடைத்தது பெட்டியை மறக்கிறார்கள் என்கிற தகவல், தீர்வை யோசித்தது செய்தவர்கள்.

அப்புறம், முதல் தடவை என்பது ஒரு முறைதான் கிடைக்கும். அடுத்த பில்ட் (கேமின் புதிய பதிப்பு) வந்தால் திறப்பதற்கு முன்பே, திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது, ஆனால் அவர் வாயைத் திறக்கக் கூடாது. "அங்கே இல்லை, மேலே போ" என்று சொல்லிவிட்டால் அந்த லெவல் தானாகப் புரிகிறதா என்பது இருவருக்குமே தெரியாமல் போய்விடும்.

அறுபதுஃபிரேம்:
நான் விளிம்பு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கண் விளிம்பைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஆள் விளிம்பைத் தாண்டியிருக்கும், கேமின் கணக்கில் அது காற்றில் இருக்கிறது, அதனால் தாவல் கிடையாது. இதற்காகத்தான் பல பிளாட்ஃபார்மர்களில் விளிம்பை விட்ட பிறகும் ஒரு கணம் தாவ அனுமதிப்பார்கள், கொயோட்டி டைம் என்பது இதுதான். செலஸ்ட் (2018) என்ற பிளாட்ஃபார்மரைச் செய்தவர்கள் அதில் ஆளின் அசைவைக் கட்டுப்படுத்தும் கோடை வெளியிட்டிருக்கிறார்கள், அதில் இந்தச் சலுகை 0.1 விநாடி, அதாவது விநாடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் படங்கள்) என்றால் 6 ஃபிரேம். விளையாடுகிறவருக்கு இது இருப்பதே தெரியாது, இல்லாவிட்டால் உடனே தெரியும்.

இன்னொரு வகையும் உண்டு. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அழுத்தினால் அந்த அழுத்தம் வீணாகி, இறங்கியதும் ஆள் சும்மா நிற்கும். அதற்கு ஜம்ப் பஃபர் வைக்க வேண்டும், அதாவது அந்த அழுத்தத்தை ஒரு கணம் நினைவில் வைத்திருந்து தரையைத் தொட்டதும் தாவ வைப்பது. உங்களுக்கு இரண்டுமே "அழுத்தினேன், தாவவில்லை" என்றுதான் தோன்றும், அவருக்கு இரண்டும் வேறு வேறு வேலை. அதனால் விளிம்பிலிருந்து விழுந்தீர்களா, இறங்கிய இடத்தில் நின்றீர்களா என்று பிரித்துச் சொல்லுங்கள். 60 ஃபிரேமில் ரெக்கார்ட் செய்து, அழுத்துகிற பட்டனும் திரையில் தெரிகிற மாதிரி வைத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எதில் ஆடினீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். கீபோர்டா, ப்ளூடூத் கண்ட்ரோலரா, டிவியிலா (கேம் மோடு போடாத டிவியில் தாமதம் நன்றாகவே தெரியும்), மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை முறை படத்தை மாற்றுகிறது). கோடோவில் இயற்பியல் கணக்கு நாம் மாற்றாவிட்டால் விநாடிக்கு 60 முறைதான் ஓடும், 144 ஹெர்ட்ஸ் திரையில் அசைவு திக்கித் திக்கித் தெரியலாம், அவர் 60 ஹெர்ட்ஸ் லேப்டாப்பில் செய்துகொண்டிருந்தால் அது அவர் கண்ணில் படவே படாது.

ஊர்க்கயிறு:
மேலே இருவரும் சொன்னது சரிதான், ஆனால் குறையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மொட்டைமாடியின் கேள்வியில் பெரிய செய்தி அந்தக் கயிறு. முடித்த பிறகும் யாரும் சொல்லாமலே திரும்பப் போய் ஆடியிருக்கிறார். இசையும் படமும் இல்லாத சதுரத்தை வைத்துக்கொண்டு ஒருவரை அப்படி ஆட வைக்கிற இடம் எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் ப்ரோட்டோடைப்பே செய்கிறோம். அதைச் சொல்லாமல் விட்டால், கோடு சிக்கலாக இருக்கிறது என்று அடுத்த பில்டில் நண்பர் கயிற்றைத் தூக்கிவிட்டு ஏணி வைத்துவிடலாம். நன்றாக இருந்த இடத்தையும் குறை சொல்வது போலவே நுணுக்கமாக எழுதுங்கள். கையை விடும் நேரத்தை நீங்களே தீர்மானிப்பது பிடித்ததா, வேகமா, விழுந்தாலும் உடனே மறுபடி தொடங்க முடிவதா?

தீர்வை அவர்தான் யோசிக்க வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நண்பர்தானே, தோன்றியதைச் சொல்லுங்கள், நடந்ததை முதலில் எழுதிவிட்டு "என் ஊகம்" என்று தனியாகப் போடுங்கள். வேறு கேமின் பெயரைச் சொல்வதும் தப்பில்லை, "இதே சிக்கலை அந்த கேமில் இப்படிச் சமாளித்திருக்கிறார்கள்" என்று சொன்னால் அது உதவி.

மொட்டைமாடி:
மூவருக்கும் நன்றி. ரெக்கார்ட் செய்து பார்த்துவிட்டேன், எல்லா இடத்திலும் விளிம்பை விட்டு இரண்டு மூன்று ஃபிரேம் கழித்துத்தான் அழுத்தியிருக்கிறேன். இறங்கிய இடத்தில் நின்றது ஒன்றுகூட இல்லை. கீபோர்டு, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். கயிற்றில் பிடித்தது கையை விடும் நேரம்தான், கொஞ்சம் தாமதமாக விட்டால் உயரமாகப் போகிறது, அதைக் கண்டுபிடித்ததும் விட மனம் வரவில்லை. கயிற்றை முதலில், விளிம்பை வீடியோவோடு அடுத்தபடியாக, மூன்றாவது லெவலில் வழி தெரியவில்லை என்பதைக் கடைசியாக எழுதி வைத்திருக்கிறேன்.

சாம்பல்கட்டம்:
அருமை. மூன்றாவது லெவல் மட்டும் இன்னும் மேலோட்டமாக இருக்கிறது. நின்ற இடத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்தப் பக்கம் போகலாம் என்று முதலில் நினைத்தீர்கள், அங்கே போனால் என்ன ஆனது என்று சேர்த்து அனுப்புங்கள். வழி திரைக்கு வெளியே இருக்கிறதா, கண் முன்னாலேயே சுவர் மாதிரி நிற்கிறதா என்பது அவருக்கு அதில்தான் தெரியும்.