டயாலிசிஸ் நோயாளியின் சோர்வு: உடம்பா, மனசா? எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட்:
ஹீமோடயாலிசிஸ் டெக்னீஷியனா இருக்கேன். எல்லா நோயாளிக்கும் பிஎச்கியூ-9 (மனச்சோர்வு இருக்கான்னு பார்க்கற 9 கேள்வி) படிவம் கொடுத்து மார்க் போடணும், 10-ம் அதுக்கு மேலயும் வந்தா மனநலப் பிரிவுக்கு எழுதணும்னு உத்தரவு. தூக்கம் இல்ல, பசி இல்ல, அசதி. இந்த மூணும் எங்க பெட்ல யாருக்குத்தான் இல்ல? எல்லாரையும் அனுப்பவும் முடியாது, அனுப்பாம விடவும் பயமா இருக்கு. இன்னொண்ணு: "நெஞ்சு படபடங்குது, கழட்டி விடுங்க"ன்னு நடுவுல கத்தறவங்க. அது பிரஷர் இறங்கறதா, வெறும் பயமா?

மாடி வார்டு:
மனநலப் பிரிவு நர்ஸ். உங்க சந்தேகம் நியாயம்தான். ஒரு கேள்விக்கு 0 முதல் 3 மார்க். நீங்க சொன்ன அந்த மூணுக்கும் "கிட்டத்தட்ட தினமும்"னு டிக் அடிச்சாலே 9 வந்துடும். மனசுல துளி வருத்தம் இல்லாதவரும் இன்னொரு மார்க் வாங்கினா 10.

அதனால மொத்தத்தை விட முதல் ரெண்டு கேள்வியைப் பாருங்க. எதுலயும் ஈடுபாடு இல்லாம போறது, மனசு சோர்ந்து கிடக்கறது. இதுல ஒண்ணாவது 2 வாரமா, பாதி நாளுக்கு மேல இல்லைன்னா மனச்சோர்வு நோய்னு சொல்றது கஷ்டம். தன்னைப் பத்தியே மட்டமா நினைக்கறாரான்னு கேக்கற ஆறாவது கேள்வியும் நல்ல துப்பு. "நான் குடும்பத்துக்குப் பாரம்"ங்கற பேச்சு ரத்தசோகையால வர்றதில்ல.

"டிப்ரஷன் இருக்கா"ன்னு கேட்டா "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்"னுதான் பதில் வரும். "சாப்பாடே பிடிக்கலையா, இல்ல பிடிச்சதையெல்லாம் நாங்க நிறுத்திட்டமா?"ன்னு கேளுங்க. "டயாலிசிஸ் இல்லாத நாள்ல காலைல எழுந்து என்ன பண்றீங்க?"ன்னு கேளுங்க. ஒரு பந்து விடாம மேட்ச் பார்த்தவர் இப்ப டிவிக்கு முதுகைக் காட்டிப் படுக்கறார்னா, எந்த லேப் ரிப்போர்ட்லயும் அது வராது. அதைப் பார்க்கறது நீங்கதான்.

நாலாவது மணியில படிவத்தை நீட்டாதீங்க, அப்ப எல்லாருமே துவண்டுதான் கிடப்பாங்க. முதல் ஒரு மணிக்குள்ள, திரையை இழுத்துவிட்டு, கூட வந்தவரை டீ குடிக்க அனுப்பிட்டுக் கேளுங்க. எங்களுக்கு எழுதும்போது ஹீமோகுளோபின், டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்) சேர்த்து அனுப்புங்க. வாரம் 3 முறை வர்றவருக்கு யூஆர்ஆர் (ஒரு டயாலிசிஸ்ல ரத்தத்து யூரியா எவ்வளவு குறைஞ்சுதுங்கற கணக்கு) 65 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அந்த அசதிக்கு முதல் மருந்து உங்க மிஷின்தான். ராத்திரி கால் குடைச்சல், அரிப்பு, குறட்டை இருக்கான்னும் குறிச்சுடுங்க. பாதிப் பேருடைய தூக்கக் கதை அதுலயே தெரிஞ்சுடும்.

சாகற நினைப்பைக் கேக்கற ஒன்பதாவது கேள்விக்கு இந்த யோசனையெல்லாம் கிடையாது. 1 மார்க் வந்தாலும் அன்னிக்கே டாக்டர் பார்க்கணும், ஆளைத் தனியா வீட்டுக்கு அனுப்பக் கூடாது. "செத்துடலாம்னு தோணுதா?"ன்னு நேராவே கேக்கலாம். கேக்கறதால அந்த நினைப்பு புதுசா முளைக்காது. வீட்டுக்காரங்க கையில டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பர் 14416 எழுதிக் கொடுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

நீலத் திரை:
படபடப்புக்கு நான் சொல்றேன். முதல்ல பிரஷர் பாருங்க, அப்புறம்தான் ஆறுதல் எல்லாம். பிரஷர் இறங்கறது பெரும்பாலும் பிற்பாதியில வரும். கொட்டாவி, வேர்வை, கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கறது முன்னறிகுறி. யூஎஃப் (மிஷின் நீரை இழுக்கறது) நிறுத்தி, காலைத் தூக்கி வெச்சு, 100–200 மில்லி சலைன் விட்டா அடங்கும். சர்க்கரைக்காரர்னா விரல்ல குத்தி சுகர் பாருங்க, 70-க்குக் கீழ இருந்தா அதுவும் இதே மாதிரிதான் காட்டும். நெஞ்சு வலின்னா ஈசிஜி.

பயம் ஊசிக்கு முன்னாடியே ஆரம்பிக்கும். கை சில்லிடும், பிரஷர் ஏறித்தான் இருக்கும். ஊசி பயத்துக்கு லிக்னோகெயின்–பிரிலோகெயின்ங்கற மரத்துப்போக வைக்கிற கிரீமை 1 மணி நேரம் முன்னாடி ஃபிஸ்டுலா (கையில ஊசி குத்தற ரத்தக்குழாய்) மேல தடவி மூடி வெச்சுட்டு வரச் சொல்லுங்க. யூனிட்டுக்கு வந்து தடவினா பிரயோஜனம் இல்ல.

ரெண்டும் ஒட்டிக்கிறதும் உண்டு. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 780 மில்லிக்கு மேல நீர் எடுக்காம இருக்கறது நல்லது, 4 மணியில சுமார் 3.1 லிட்டர். அவர் 4 கிலோ ஏத்திட்டு வந்து, நாம அவ்வளவையும் இழுத்தா பிரஷர் விழும். ரெண்டு தடவை அப்படி ஆனா மூணாவது தடவை வாசல்லயே படபடப்பு வந்துடும். அதுக்கு மாத்திரை தேடறதை விட, உப்பைக் குறைக்கச் சொல்லி எடை ஏறாம பார்த்துக்கறதுதான் வைத்தியம்.

மருந்துச்சீட்டு:
மாத்திரைப் பக்கம். மனச்சோர்வுக்கு செர்ட்ரலின்தான் வழக்கமா முதல்ல வரும், 25 மி.கி.யில ஆரம்பிச்சு ஏத்துவாங்க. பலன் தெரிய 4–6 வாரம் ஆகும், குமட்டலும் பேதியும் முதல் வாரமே வரும். இதைச் சொல்லாம கொடுத்தா பத்தாம் நாள் நிறுத்திடுவாங்க. அதிசய மருந்தும் இல்ல. டயாலிசிஸ் நோயாளிகள் 120 பேரை வெச்சு 2019-ல வந்த ஆய்வுல, 12 வாரத்துல பேச்சு சிகிச்சையை விடக் கொஞ்சம்தான் கூடுதல் பலன், பக்கவிளைவும் கூடுதல். ரத்தம் உறையாம இருக்கப் போடற ஹெப்பாரினோட சேரும்போது ரத்தக்கசிவு கூடலாம், ஊசி எடுத்த இடத்துல ரத்தம் நிக்க வழக்கத்தை விட நேரம் ஆனா எழுதி வைங்க. இதே வகை எஸ்சிடலோபிராம்னா ஈசிஜி பார்க்காம வேண்டாம். டிரமடால்ங்கற வலி மருந்து கூடவே ஓடுதான்னும் பாருங்க.

மருந்தே நோய் மாதிரி வேஷம் போடறதும் உண்டு. கால் எரிச்சலுக்கு கபாபென்டினை நல்ல கிட்னிக்காரர் அளவுல கொடுத்தா ஆள் மந்தமா, குழம்பி, கை உதறிட்டு இருப்பார். வாந்திக்குப் போட்ட மெட்டோகுளோபிரமைடு உட்கார விடாத பரபரப்பைக் கொடுக்கும். படபடப்புக்கு அல்பிரஸோலம்ங்கற பதற்ற மாத்திரை தினசரி வேண்டவே வேண்டாம், பழகிடும், கீழே விழுவாங்க.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட்:
ரொம்ப நன்றி. படிவத்துல 7 மார்க்தான், ஆனா மாசத்துல 2 செஷன் வராம விடறார், கேட்டா "போதும் சார்"ங்கறார். இவரை அனுப்பலாமா?

மாடி வார்டு:
அனுப்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: எது போதும்? பஸ் செலவா, கூட வர்றவருடைய ஒரு நாள் கூலியா, ஊசி வலியா, இல்ல வாழ்க்கையேவா? மொத மூணுக்கும் நெஃப்ராலஜி டாக்டரும் சமூகப் பணியாளரும் ஏதாவது வழி பண்ணலாம். நாலாவதுன்னா ஒன்பதாவது கேள்விக்குச் சொன்னதேதான், அன்னிக்கே. விட்ட செஷன் தேதிகளையும் எடை ஏறின கணக்கையும் சீட்டுப் பின்னாடி எழுதி அனுப்புங்க, எங்களுக்கு மார்க்கை விட அது உபயோகம்.