கடலில்லாத கொங்கு நாட்டுக்குக் கப்பல் வரலாற்றில் பங்கு உண்டா?

நொய்யல்வாசி:

காங்கயத்தில் அண்மையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், தமிழரின் வணிகக் கப்பல்களைப் பற்றிப் பேச வந்தவர் கொற்கையில் தொடங்கி நாகப்பட்டினத்தில் முடித்தார். கொங்கு நாட்டைப் பற்றி ஒருவர் கேட்டபோது, "மேட்டுக்காடும் மாடும் வைத்திருக்கிற உங்களுக்கும் கடலுக்கும் என்ன இருக்கிறது?" என்று சிரித்தபடியே அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவையும் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சென்னிமலைக்கு அருகே நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலை எடுத்துக்கொள்ளுங்கள். 1985 முதல் பல கட்டங்களாக நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளும் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த மணிகளில் வெட்டி மட்டும் வைத்தவை, தேய்த்தவை, பாதி துளையிட்டுக் கைவிடப்பட்டவை, மெருகேறியவை என்று எல்லா நிலைகளும் உண்டு என்பதால், அவை வேற்றூரிலிருந்து வாங்கி வந்தவை அல்ல, அங்கேயே செய்யப்பட்டவை என்பதில் ஐயமில்லை. பக்கத்திலேயே படியூரில் பெரில் எனப்படும் பச்சைக்கல் கிடைத்தது. ரோமாபுரியின் எழுத்தாளர் பிளினி அந்தக் கல்லுக்கு இந்தியாவையே தாயகமாகச் சொல்கிறார். கொடுமணலில் செய்த அருங்கலங்களைப் பதிற்றுப்பத்தே புகழ்கிறது. 1842இல் வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்ததையும் சேர்த்துப் பார்த்தால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கிருந்து சரக்கு மேற்குக் கடற்கரைக்குப் போனது, பணம் இங்கே வந்தது என்பது தெளிவாகும். ஏற்றிச் செல்லப் பண்டம் இல்லாவிட்டால் யவனர் நாற்பது நாள் கடல் கடந்து மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறிக்கு எதற்காக வர வேண்டும்? ஆகவே கப்பல் வரலாற்றில் நாம் வேடிக்கை பார்த்தவர்கள் அல்ல, பங்காளிகள் என்பதே என் வாதம்.

முத்துநகரான்:

நான் தூத்துக்குடியில் பிறந்தவன். திருப்பூரில் தொழில் செய்கிறேன், உங்கள் பக்கத்தில்தான் பெண் எடுத்திருக்கிறேன். எனவே கொங்கு நாட்டின் மீது எனக்குப் பகை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நண்பர் சொல்வதை ஏற்க இயலவில்லை. நெல் விளைவித்தவர் எல்லாரும் சமையற்காரர் ஆகிவிட மாட்டார்கள்.

நண்பர் வணிக வரலாற்றையும் கடலோடி வரலாற்றையும் ஒன்றாகக் கலக்கிறார். முசிறிச் சரக்கைப் பற்றிய கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரசுத் தாளில் எழுதப்பட்டு இன்று வியன்னாவில் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஆவணத்தின்படி கப்பலின் பெயர் ஹெர்மபோலோன். சரக்குக்குக் கடன் கொடுத்தவர், வாங்கியவர், இறங்கியபின் கால் பங்கு வரி வாங்கியவர் அனைவரும் ரோமானிய ஆட்சிக்கு உட்பட்டவர்கள். மூழ்கினால் யார் நட்டம், கரை சேர்ந்தால் யார் இலாபம் என்ற கணக்கில் கொடுமணல் மணிக்காரருக்கு இடமே இல்லை. தன் மணியை வண்டிக்காரரிடம் விற்ற அன்றைக்கே அவருடைய கணக்கு முடிந்துவிட்டது.

கடலோடிப் பண்பாடு என்பது வேறு. எங்கள் ஊர்த் தோணி கட்டும் இடத்துக்கு வந்து பாருங்கள். தோணி கட்டும் தச்சரான ஓடாவி முதலில் ஏராமரம் எனப்படும் அடிமரத்தைக் கிடத்துவார், அதன் மேல் விலா எலும்பு போன்ற வங்குகளை நிறுத்துவார், பிறகு பலகை அடிப்பார். காகிதத்தில் வரைபடம் இருக்காது, அளவெல்லாம் அவர் கண்ணிலும் கையிலும் இருக்கும். பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவதைக் கலப்பத்து என்கிறோம். அந்தத் திரி ஒரு விரற்கடை தளர்ந்தாலும் நடுக்கடலில் தண்ணீர் இறைத்தே கை ஓய்ந்துவிடும். தோணி கிளம்பினால் அதன் பொறுப்பு முழுவதும் தோணித் தலைவரான தண்டையலுடையது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் எந்த மாதத்தில் எந்தக் காற்றில் போவது, எந்த மேகத்தைக் கண்டால் பாயைச் சுருட்டுவது என்பதைத் தந்தையிடமிருந்து மகன் கற்றான். இதை எந்தச் சரக்குக் கணக்கும் கற்றுத் தராது.

மேட்டுக்காட்டான்:

மாப்பிள்ளை என்பதால் பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் முன்னோர் காவிரியிலும் பவானியிலும் பரிசல் போட்டார்கள். மூங்கிலைப் பின்னித் தோலைப் போர்த்திய அந்த வட்டத் தட்டில் ஆற்றைக் கடந்தார்கள். அதற்கு மேல் நீர்வழிப் பெருமை பேச நமக்கு என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை.

அமராவதி ஆசிரியை:

இருவரும் ஒரு செய்தியை விட்டுவிட்டீர்கள். கொங்கு நாட்டின் கணிசமான பகுதி சேரர் ஆட்சியில் இருந்தது. கரூருக்கு அருகே புகளூர் மலைக் குகையில் இரும்பொறை மரபுச் சேர மன்னரின் பெயர்கள் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. அதே சேரரைப் பற்றித்தான் புறநானூற்றின் 126ஆம் பாட்டு, சேரன் மேற்குக் கடலில் பொன் கொணரும் நாவாயை ஓட்டிய வழியில் பிற கலங்கள் செல்ல இயலாது என்று சொல்கிறது. ஆகவே "கப்பல் எல்லாம் யவனருடையது" என்ற எண்ணம் சரியல்ல, சேரருக்கும் கலங்கள் இருந்தன.

ஆனால் நொய்யல்வாசி அவர்கள் இதைக் கேட்டு உடனே கொடி ஏற்ற வேண்டாம். சேரரின் தலைநகரான வஞ்சி கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதோடு, கலங்கள் நின்ற இடத்தைச் சங்கப் பாடல்கள் நுட்பமாகக் காட்டுகின்றன. முசிறியைப் பாடும் புறநானூறு 343இல், பெரிய கலம் கொண்டுவந்த பொன்னை உப்பங்கழியில் ஓடும் கழித்தோணிகள் கரை சேர்க்கின்றன. பெருங்கலம் ஆழத்தில் நிற்கிறது. கழியை அறிந்த உள்ளூர்த் தோணிக்காரர் இல்லாமல் அந்தப் பொன் கரைக்கு வராது. முசிறி எனப் பலரும் கருதும், கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில், 2007இல் தொடங்கிய அகழாய்வில் செங்கல் துறைமேடையும், தேக்குக் கட்டுத்தறிகளும், ஏறக்குறைய ஆறு மீட்டர் நீள ஒற்றைமரத் தோணியும் வெளிப்பட்டன. அந்தத் தோணி அயினி மரத்தால் ஆனது. அதை ஓட்டியவர் கழிக்கரை மனிதராகத்தான் இருந்திருப்பார்.

நொய்யல்வாசி:

நன்றி அம்மா. முத்துநகரான் அண்ணாவுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். எகிப்தின் செங்கடல் துறைகளில் கிடைத்த பானை ஓடுகளில் கண்ணன், சாத்தன் என்று தமிழி எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. தாய்லாந்தில் தமிழி எழுத்துப் பொறித்த பொற்கொல்லர் உரைகல் ஒன்று கிடைத்திருக்கிறது. சரக்கை விற்றதோடு கணக்கு முடிந்தது என்றால், தட்டானும் வணிகனும் கப்பலேறி அங்கே போனது எதற்காக? அடுத்து, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைப் பாருங்கள். உள்நாட்டில் வண்டியிலும் பொதிமாட்டிலும் சரக்கு ஏற்றிய அதே குழுவினர் 1088இல் சுமத்திராவின் பாரூசில் தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். மேட்டில் கிளம்பிய பொதி கடலைக் கடந்ததும் ஒரே அமைப்பின் கீழ்தான். கரையில் வந்து வெட்டி இரண்டாக்குவது பிற்காலத்தார் செய்கிற வேலை.

முத்துநகரான்:

செங்கடல் கரையில் இறங்கிய அந்தச் சாத்தன் நொய்யல் கரையில் பிறந்தான் என்று எந்த ஓடு சொல்கிறது? கொற்கைக்காரனாகவோ முசிறிக்காரனாகவோ இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். பாரூசுக் கல்வெட்டையோ தம்பி முழுமையாகப் படிக்க வேண்டும். வருகிற மரக்கல நாயனும் (கப்பல் தலைவன்) கேவிகளும் (கப்பலில் உடன் வந்தவர்) கத்தூரி விலைப்படி பொன் கொடுத்த பிறகே விரித்த பாவாடையில் (நடைவிரிப்பில்) ஏறலாம் என்று ஐந்நூற்றுவர் அதில் விதிக்கிறார்கள். பொன் வாங்குகிறவர் வணிகக் குழுவினர், கொடுக்கிறவர் கப்பலோடு வந்தவர். உங்கள் சான்றே இரு தரப்பையும் தனித்தனியாக நிறுத்துகிறது.

நொய்யல்வாசி:

வாங்குகிறவனும் கொடுக்கிறவனும் ஒரே துறையில், ஒரே மொழியில் எழுதிய கல்லின் முன் நிற்கிறார்கள், அண்ணா. அதைத்தான் நான் கடல் வாழ்வு என்கிறேன். இன்னொன்று: ஆங்கிலேயர் கப்பலுக்கு எதிராக 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யின் வரலாற்றில் கோவைக்கு இடம் இல்லையா?

முத்துநகரான்:

இருக்கிறது. பங்கு ஒன்று 25 ரூபாய் என 10 இலட்சம் முதலுக்குக் கம்பெனியைப் பதிவு செய்து, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஓட்டிய மனிதருக்குக் கோவை கொடுத்தது ஒரு செக்கு. 1908 முதல் 1910 வரை கோவைச் சிறையில் அதை இழுத்தார். கப்பல் வரலாற்றில் அதைப் பங்கு என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள்.

அமராவதி ஆசிரியை:

இது தேவையற்ற குத்தல். சிறையைக் கட்டியதும் செக்கில் பூட்டியதும் வெள்ளை அரசு, கோவை மக்கள் அல்ல. வாதத்துக்குத் திரும்புவோம்.

ஆனைமலையடிவாரம்:

இவ்வளவு நேரமும் சரக்கையும் ஆளையும் பற்றியே பேசுகிறோம், மரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் பொள்ளாச்சிப் பக்கத்தவன். எங்கள் மலையின் தேக்கு மும்பைக் கப்பல் தளத்துக்குப் போனது.

ஐரோப்பியர் ஓக் மரத்தில் கப்பல் கட்டினார்கள். அதில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கிலோ இயல்பாகவே எண்ணெய் உண்டு. ஆணி கெடுவதில்லை, கடற்புழுவும் எளிதில் துளைப்பதில்லை, வெயிலிலும் நீரிலும் மாறி மாறிக் கிடந்தாலும் பலகை அதிகம் கோணுவதில்லை. மும்பையில் வாடியா குடும்பத்தார் கட்டி 1817இல் நீரில் இறக்கிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்னும் மிதக்கிறது. அது மலபார்த் தேக்கு. மலபார்க் காடுகள் தேய்ந்தபோது கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) கண் ஆனைமலையில் விழுந்தது. 1840களின் இறுதியில் மைக்கேல் என்ற இராணுவ அதிகாரியை இந்தக் காடுகளுக்குப் பொறுப்பாக வைத்து, கப்பல் தளத்துக்கென்றே மரம் வெட்டினார்கள். டாப்சிலிப் என்ற பெயரே உச்சியிலிருந்து கட்டைகளைச் சரிவில் வழுக்கி விட்ட இடம் என்பதால் வந்தது. கப்பல் என்பது முதலில் மரம் அல்லவா? அந்த மரம் கொங்கு மலையில் வளர்ந்தது.

முத்துநகரான்:

இது வரைக்கும் வந்தவற்றில் இதுதான் உருப்படியான வாதம். ஆனாலும் காலத்தைக் கவனியுங்கள். 1817இல் கட்டிய கப்பலில் 1840களில் வெட்டிய மரம் இருக்க முடியாது.

ஆனைமலையடிவாரம்:

இருந்தது என்று நான் எழுதவில்லை. தேக்கின் தன்மைக்கு அந்தக் கப்பலைச் சான்று காட்டினேன், அவ்வளவே.

முத்துநகரான்:

சரி. அப்படியானால் இன்னும் ஒன்றைக் கேட்கிறேன். ஆனைமலைத் தேக்கு கப்பல் தளத்துக்குப் போன காலம், மரக்கப்பலின் காலமே முடியத் தொடங்கிய காலம். இரும்புக் கப்பலும் நீராவியும் வந்துவிட்டன. 1860களில் இரயில் பாதை கோவைப் பக்கம் எட்டியபோது, மரத்தின் தேவை தண்டவாளக் கட்டைகளின் பக்கம் திரும்பியது. ஒரு சில ஆண்டுகள் மரம் கொடுத்ததையும், அதுவும் அரசு வெட்டிக்கொண்டு போனதையும், கடலோடிப் பண்பாடு என்று சொல்ல முடியுமா?

நொய்யல்வாசி:

ஓட்டியவரை மட்டுமே எண்ணினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எண்ணும் முறையே குறுகலானது என்பதுதான் என் வழக்கு. நீங்களே எழுதிய கலப்பத்துத் திரி பஞ்சால் ஆனது. பாய்த்துணியும் பருத்திதான். அந்தப் பருத்தி கடலில் விளைந்ததா?

முத்துநகரான்:

பருத்தி விளையாத ஊர் தென்னாட்டில் எது? எங்கள் பக்கத்துக் கரிசலிலும் விளைகிறது. பஞ்சு கொங்கில் இருந்து வந்தது என்று சான்று காட்டுங்கள், பேசுவோம்.

ஆனைமலையடிவாரம்:

அண்ணாவின் முந்தைய கேள்விக்கு என் விடை இது. மரத்தை அரசு வெட்டியது என்று எழுதினீர்கள். வெட்டியதும் இழுத்ததும் அரசின் கைகள் அல்ல. காட்டுத் தடம் அறிந்தவர்கள் எங்கள் மலையின் பழங்குடிகளான காடர்களும் மலசர்களும்; கட்டையைச் சரிவுக்கு இழுத்து வந்த யானைகளை நடத்தியவர்களில் மலசர் பலர். வாடியா என்ற பெயர் கப்பல் கட்டிய வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது, அது தகும். உங்கள் ஓடாவியின் பெயரும் எழுதப்பட வேண்டும் என்பதில் நம் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த வரிசையில் கொங்கு வேளாளருக்கோ வணிகருக்கோ நான் இடம் கேட்கவில்லை, மலசருக்குக் கேட்கிறேன்.

முத்துநகரான்:

அப்படிக் கேட்டால் நான் எதிர்க்க மாட்டேன். மரம் தேர்ந்தவனும் தொழிலாளிதான், ஓடாவிக்குத் தெரியும். ஆனால் நொய்யல்வாசித் தம்பி கொடுமணலைக் காட்டிக் கடலோடிப் பட்டம் கேட்பது வேறு வழக்கு. அதற்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது.

நொய்யல்வாசி:

நிற்கட்டும் அண்ணா. அடுத்து, கரூரிலும் கொடுமணலிலும் கிடைத்த வெளிநாட்டுப் பொருள்களை எடுத்துக்கொண்டு தனி இழையில் வருகிறேன். அப்போதும் முசிறிக் கடன் ஒப்பந்தத்தையே காட்டுவீர்கள் என்று தெரியும். அதில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு கப்பலின் கணக்கு என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.