நடக்கவே முடியாத நிலைமைல எடை கொறைச்சவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்த சொல்லுங்க

ஊசிநூல்:

டாக்டர் எக்ஸ்ரேய லைட்டுல மாட்டி காட்டி ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சும்மா வெயிட்ட கொறைங்கன்னாரு, சரி சார் நாளைலருந்து வாக்கிங் போறேன்னேன், இப்போதைக்கு ரொம்ப நடக்காதீங்க, மாடிப்படி ஏறாதீங்க, தரையில சம்மணம் போடாதீங்கன்னாரு. அப்ப எப்படி சார் கொறையும்? "சாப்பாட்ட பாருங்க"ன்னுட்டு அடுத்த டோக்கன கூப்பிட்டாரு. அவ்ளோதான். இது நடந்து ஒண்ணரை வருசம் ஆகப்போகுது.

எனக்கு 49 வயசு, மதுரை, வீட்டுலயே தச்சு குடுக்குறேன். நாள் பூரா உக்காந்த வேலை, அதுலயும் முட்டி வலின்னு மெஷினுக்கு மோட்டார் மாட்டிட்டதால காலு மிதிக்கிற வேலையும் போச்சு. அப்ப 84 கிலோ, உயரம் அஞ்சடி ரெண்டங்குலம். அடுத்த தடவ போனப்ப டாக்டர் சொன்ன ஒரு கணக்குதான் மண்டையில ஏறுச்சு. உடம்புல ஒரு கிலோ கொறஞ்சா ஒவ்வொரு அடி வைக்கிறப்பவும் முட்டி மேல விழுற பாரத்துல சுமாரா நாலு கிலோ கொறையுமாம்.

மொதல்ல ஒரு டயட்டீசியன்ட்ட போனேன், எந்த எடம்னு வேணாம். பிரிண்ட் எடுத்த சார்ட் ஒண்ணு குடுத்தாங்க. ஓட்ஸ், பிரவுன் பிரட், ஆலிவ் ஆயில், ப்ராக்கோலி, கிரீன் டீ. ஒம்பது நாள் தாங்குச்சு. பத்தாவது நாள் ஒரு அடுப்புல எல்லாத்துக்கும் சின்ன வெங்காய சாம்பார் கொதிக்குது, இன்னொரு அடுப்புல நான் எனக்கு மட்டும் ஓட்ஸ கிண்டிட்டு நிக்கிறேன், அழுகையே வந்துருச்சு. அன்னிக்கு நைட்டு நாலு தோசை, நல்லெண்ணெய் ஊத்தி.

அப்புறம்தான் யோசிச்சேன், ஜாக்கெட்டு லூஸா இருந்தா நாங்க தூக்கியா போடுறோம், பிரிச்சு பிடிச்சுதான குடுக்குறோம், அதே மாதிரி இருக்குற சாப்பாட்டயே பிடிச்சு தைக்க வேண்டியதுதான்னு.

மொத கை வச்சது மதிய சோத்துல. நம்ம வீட்டு சாப்பாடு மூணு சுத்து, கொழம்புக்கு ஒண்ணு, ரசத்துக்கு ஒண்ணு, மோருக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கரண்டி. வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, நான் போட்டுக்கிட்டது அரைக்கிலோவுக்கு கம்மி இருக்காது. இப்ப சோறு கொழம்புக்கு மட்டும்தான், ரசத்தையும் மோரையும் டம்ளர்ல ஊத்தி குடிச்சுர்றேன். கூட்டு பொரியல் மட்டும் முன்ன இருந்ததுக்கு ரெண்டு மடங்கு, அதுவும் சோத்துக்கு முன்னாடியே. வீட்ல யாருக்கும் தனியா எதுவும் சமைக்கல, யாருக்கும் தெரியவும் இல்ல, எங்க மாமியார் மட்டும் மூணாவது நாளு "என்னடி ரசத்த காப்பி மாதிரி குடிக்கிற"ன்னாங்க.

ரெண்டாவது எண்ணெய். இதுலதான் பகீர்னு ஆச்சு. நாலு பேருக்கு மாசம் ஆறு லிட்டர் ஓடிட்டு இருந்துச்சு, கடலெண்ணெய் நல்லெண்ணெய் ரீபைண்டு எல்லாம் சேத்து. ஐதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல போட்ட வழிகாட்டில ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம்தான் காட்டிருக்காங்க, அப்ப நாலு பேருக்கு மாசம் மூணரை லிட்டர் போதும். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்ல 120 கலோரி இருக்கு, நல்லா காலு இருக்குறவங்க அரைமணி நேரம் வேகமா நடந்தாத்தான் அவ்ளோ எரியும், எனக்கு அந்த காலும் இல்ல. அதுனால மாசம் பொறந்ததும் மூணரை லிட்டர எடுத்து வைப்பேன், தீந்தா தீந்ததுதான். மொத மாசம் 24ந் தேதியே தீந்து போச்சு, ஆறு நாள் இட்லி, ஆவி, வேகவச்சதுன்னே ஓட்டுனோம், பையன் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டான்.

காப்பி நாலு தடவ, ரெண்டு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, எட்டு ஸ்பூன், 40 கிராம். இப்ப ரெண்டு காப்பி, அரை அரை ஸ்பூன். இதுக்குத்தான் ரொம்ப கஷ்டப்பட்டேன், சோத்துக்கு கூட இல்ல.

இத்தனைக்கும் நடுவுல ஒரு தப்பு பண்ணேன். கொறைக்கிறதுலயே குறியா இருந்து பருப்பு, முட்டை எதையும் கூட்டல. மூணு மாசத்துல அஞ்சு கிலோ போச்சு, ஆனா தொடை சதையும் சேந்து கரைஞ்சுருச்சு, முட்டி வலி கூடிப்போச்சு. பிசியோதெரபி பாப்பாதான் திட்டுச்சு, முட்டிய தாங்குறதே தொடை சதைதான் ஆன்ட்டி அத போய் கரைச்சுட்டீங்களேன்னு. அதுலருந்து காலைல முட்டை ரெண்டு, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், வாரத்துல மூணு நாள் சாளை மீனு, கொழம்பு வச்சுத்தான், பொரிக்கிறது இல்ல. அதோட நாற்காலில உக்காந்துட்டே கால நேரா நீட்டி பத்து எண்ணுற வரைக்கும் பிடிச்சு இறக்குறது, முட்டிக்கு அடியில துண்ட சுருட்டி வச்சு அழுத்துறது. பட்டன் கட்டுறப்ப கூட செய்யலாம்.

இன்னிக்கு 73 கிலோ. நடுவுல நாலு மாசம் 79லயே நின்னுச்சு, தீவாளிக்கு ஒண்ணரை கிலோ ஏறுச்சு, அதையும் சொல்லிர்றேன். நான் தராச விட டேப்ப நம்புறேன், தொழில் அப்படி. இடுப்பு 41 இருந்தது 36. பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும்ங்கறாங்க, அதாவது முப்பத்தொண்ணரை இஞ்சு, இன்னும் தூரம் இருக்கு.

உங்க கதைய சொல்லுங்க.

டெம்போ:

அக்கா நமக்கு கோயமுத்தூருங்க, வண்டி ஓட்டற பொழப்பு, நடு முதுகுல டிஸ்க் விலகி மூணு மாசம் படுக்கை. 96 கிலோ இருந்தேனுங்க. கூட்டாளி ஒருத்தன் பேலியோ சொன்னான், காலைல 100 பாதாம், மத்தியானம் பன்னீரு இல்லாட்டி காய், ராத்திரி மட்டனோ சிக்கனோ, அரிசி கோதுமை சக்கரை கண்ணுலயே காட்டக்கூடாது. மொத வாரம் மூணரை கிலோ எறங்குச்சு பாருங்க, எனக்கு தலகால் புரியல, எல்லாத்துக்கும் போன் போட்டு சொன்னேன். அப்பறந்தான் தெரிஞ்சுது அதுல முக்காவாசி தண்ணின்னு. மாவுச்சத்த ஒடம்பு சேத்து வெக்கறப்ப கூட மூணு பங்கு தண்ணியும் பிடிச்சு வெச்சிருக்குமாம், சோத்த நிறுத்துனா மொதல்ல அதுதான் போகும்.

நாலு மாசத்துல 12 கிலோ கொறைச்சேன், பொய் சொல்லல, பசியே இல்லீங்க, அந்த விசயத்துல நல்ல டயட்டுதான். ஆனா பாதாமுக்கே மாசம் மூவாயிரம் பக்கம் போச்சு. எம்பட சம்சாரம் எனக்கொரு சமையல், புள்ளைகளுக்கொரு சமையல்னு செஞ்சு செஞ்சு ஒரு நாள் பாதாம் டப்பாவ டொக்குனு டேபிள் மேல வெச்சுட்டு "எண்ணி நீங்களே தின்னுக்கங்க"ன்னுட்டா. அதோட கால் கட்டைவெரலு வீங்கி ராத்திரி போர்வை பட்டாலே உயிர் போற வலி, டெஸ்ட்ல யூரிக் ஆசிட் ஏறிக்கெடந்துச்சு. எனக்கு ஏற்கனவே கொஞ்சம் கூட இருந்திருக்கு, ஆரம்பிக்கறதுக்கு முன்னால ரத்தம் குடுத்து பாத்திருக்கோணும், பாக்கல. நிறுத்துனேன். மச்சினன் கல்யாணத்துல பந்தில உக்காந்தவன்தான், எட்டு மாசத்துல 14 கிலோ ஏறிப்போச்சு. போனதுக்கு ரெண்டு வட்டி.

இப்ப காலைல ரெண்டு முட்டை ஒரு தோசை, மத்தியானம் டிபன்பாக்ஸ்ல வீட்டு சோறு பாதி காய் பாதி, ராத்திரி எட்டுக்குள்ள ரெண்டு சப்பாத்தி. லோடு எறக்கற எடத்துல டீயோட பஜ்ஜி மட்டும் இன்னும் விடமுடியல. 98ல இருந்து 91 வந்திருக்கேன், ஒரு வருசம் ஆச்சு. மெதுவாத்தான் போகுது, ஆனா வீட்ல சண்ட இல்லீங்க.

சின்னவ:

எல்லாரும் இத கொஞ்சம் படிங்க ப்ளீஸ். எங்கம்மா, தஞ்சாவூர், 63 வயசு, சுகர் இருக்கு, பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துத்தான் நடப்பாங்க. போன்ல எதையோ பாத்துட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல சாப்பிடமாட்டேன்னு ஆரம்பிச்சுட்டாங்க, எங்ககிட்ட சொல்லல. ஆனா கிளிமிபிரைடுங்கற சுகர் மாத்திரைய மட்டும் வழக்கம் போல நைட்டு போட்டுட்டு இருந்திருக்காங்க. நாலாவது நாள் விடியகாலம் மூணு மணிக்கு நைட்டியெல்லாம் நனைஞ்சு போய் வேர்த்து, என் பேர கேட்டா சரியா சொல்ல தெரியல, திரும்ப ஸ்ட்ரோக்குன்னு நெனச்சு கை கால் ஓடல. அப்பாதான் குளுக்கோமீட்டர எடுத்தாரு, சுகர் 58க்கு இறங்கிருந்துச்சு. முழிச்சு முழுங்குற நிலைமைல இருந்ததால மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி குடுத்தோம், கால் மணி நேரத்துல 90 வந்துச்சு.

டாக்டர் திட்டல, நேரம் விட்டு சாப்பிடுறது தப்பில்ல ஆனா என்கிட்ட சொல்லிருந்தா மாத்திரைய கொறைச்சிருப்பேனேன்னு மட்டும் சொன்னாரு. அந்த வகை மாத்திரை, நாம சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் சுகர இறக்கிட்டே இருக்குமாம், இன்சுலினும் அப்படித்தான். இப்ப ராத்திரி ஏழு மணிக்கு ரெண்டு இட்லி, சாம்பார், கொஞ்சம் காய். மாத்திரை டோஸும் கொறைச்சாச்சு. அஞ்சு மாசத்துல நாலு கிலோ கொறஞ்சிருக்காங்க.

கம்பங்கூழ்:

என் கதை சின்னது. அரிசிய விட்டுட்டு சிறுதானியத்துக்கு மாறுனேன், ஆறு மாசத்துல மூணு கிலோ கூடிருச்சு 😂 தினை பொங்கல் நெய் மிதக்க, சாமை சோறு தட்டு நெறைய, ராகி அல்வா கருப்பட்டி போட்டு. உடம்புக்கு நல்லதுதானேன்னு இஷ்டத்துக்கு அள்ளி போட்டுக்கிட்டேன். அரிசியும் கம்பும் கலோரில கிட்டத்தட்ட ஒண்ணுதான், நார்ச்சத்து கூட இருக்கு, சீக்கிரம் வயிறு நெறையும், அது உண்மை, ஆனா நெறஞ்சதுக்கு அப்புறமும் சாப்பிட்டா கம்பு என்ன பண்ணும் பாவம்.

மாடிவீடு:

எல்லாரும் சாப்பாட்டயே பேசுறீங்க, இப்ப வந்திருக்கே எடை கொறைக்கிற மவுன்ஜாரோ ஊசி, வாரத்துக்கு ஒண்ணு, அத யாராச்சும் போட்டீங்களா? முட்டி வலிக்காரங்களுக்கு குடுப்பாங்களா? அப்புறம் ஊசிநூல் அக்கா, ராத்திரி என்ன சாப்பிடுறீங்கன்னு சொல்லவே இல்லையே.

ஊசிநூல்:

டெம்போ தம்பி, பாதாம் டப்பா கதைய எங்க வீட்டுக்காரர்ட்ட வாசிச்சு காட்டுனேன், ரொம்ப நேரம் சிரிச்சாரு. சின்னவ, அம்மாவ பத்திரமா பாத்துக்கம்மா, படிக்கிறப்பவே நெஞ்சு அடிச்சுக்கிச்சு. எனக்கு சுகர் இல்ல, தைராய்டு பாத்தாங்க அதுவும் இல்ல, அதுனாலதான் தைரியமா இஷ்டத்துக்கு கொறைச்சேன், மாத்திரை போடுறவங்க நான் செஞ்சத அப்படியே செய்யாதீங்க.

மாடிவீடு, ஊசி 2025லதான் நம்ம நாட்டுக்கு வந்துச்சு, எங்க டாக்டர்ட்ட கேட்டேன், உங்களுக்கு இப்ப வேணாம் இதே போக்குல போங்கன்னாரு, வெலையும் நமக்கு கட்டாது. உங்களுக்கு வேணுமா வேணாமான்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், மருந்து கடைல நேரா போய் நிக்காதீங்க.

ராத்திரி சாப்பாடுதானே, அத வேணும்னுதான் சொல்லாம விட்டேன், ஏன்னா அங்கதான் இன்னமும் சறுக்குறேன். கணக்குப்படி மூணு இட்லி, இல்லாட்டி ரெண்டு அடை, அடைல பருப்பு இருக்குறதால அதுவே வயித்த பிடிச்சுக்கும். ஆனா முகூர்த்த மாசத்துல ஆர்டர் குமிஞ்சு நைட்டு பத்து பதினொண்ணு வரைக்கும் மெஷின்ல உக்காந்தா பையன் புரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்துர்றான், சால்னா வாசம் வந்தா ஊசில நூல் கோக்க முடியல. மொதல்ல மூணு தின்னுட்டு மறுநாள் பட்டினி கிடந்தேன், சாயங்காலம் அகோர பசி வந்து இன்னும் மோசமாச்சு. இப்ப ஒண்ணு எடுத்துக்குறேன், கூட ரெண்டு அவிச்ச முட்டை, மறுநாள் வழக்கம் போல.

இந்த வாரம் பன்னெண்டு ஜாக்கெட்டு குடுக்கணும், அதுல ஒண்ணு என்னோடது. அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேல ஜாக்கெட்டு, தச்சு மூணு வருசம் ஆச்சு, போன வருசம் பக்கத்துல தையல பிரிச்சு விட்டும் கொக்கி மாட்டல. நேத்து போட்டு பாத்தா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்சு பிடிக்க வேண்டியிருக்கு. கஸ்டமர் துணிய முடிச்சுட்டுத்தான் அத தொடணும்.